மச்சானின் போனுக்கு வந்த என் அடையாளம்

1

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். மூதூருக்கு லோஞ்ச் படகு புறப்படுகிற ஜெட்டியில் நீலச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருவர் நின்று, தன் மகனுக்குக் கனடாவில் அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று சொன்னால், மறுத்துக் கதைக்க வேண்டாம். “நல்லது ஐயா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அவர் என் அப்பா. அந்த மகன் நான். எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கவில்லை. இருந்த வேலையும் போய்விட்டது.

இதை எழுத எனக்குப் பயமில்லை. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், பிறகு கம்பஸும் போன முதல் ஆள் நான்தான். ஆகவே எங்கள் வீட்டு இரகசியங்களை அச்சில் போடுவதைப் போலப் பாதுகாப்பான காரியம் வேறு இல்லை. நீங்கள் யாரும் வாசித்துக் காட்டாமல் இருந்தால் சரி.

ஸ்காபரோவில் கதிரை மேசை விற்கிற ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் நான் இருப்புக் கணக்குப் பார்த்தேன். களஞ்சியத்தின் மூலையில் கண்ணாடி அடித்த ஒரு சின்ன அறை, அதற்குள் கணினி. வெளியே தூசும் சத்தமும் இருந்தாலும் உள்ளே ஒரு கதிரை இருந்தபடியால் அப்பாவுக்கு அது ‘ஒபிஸ்’. ஊர் ஜெட்டியிலும் அது ஒபிஸ் என்றே பதிவாகிவிட்டது. அப்பா வாழ்நாள் முழுவதும் லோஞ்சில் நின்று கயிறு எறிந்தவர். நின்று வேலை செய்தவருக்கு, இருந்து வேலை செய்கிற மகன் என்பது பெரிய விஷயம். பாலங்கள் வந்து லோஞ்ச் ஓட்டம் குறைந்த பிறகும் அவர் தினமும் ஜெட்டிக்குப் போகிறார். கயிறு எறிய அல்ல, என் ஒபிஸைப் பற்றிக் கதைக்க.

நான் இங்கே வந்து ஏழாவது வருஷம் முடிந்த அதே கிழமை, ஒரு மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டுப் பீட்சா தந்தார்கள். இந்த நாட்டில் பீட்சா சும்மா வருவதில்லை. சாப்பிட்டு முடிந்ததும் களஞ்சியத்தை மூடுகிறோம் என்றார்கள். நான் இன்னொரு துண்டு எடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

2

இங்கே வேலை போனால் அரசாங்கம் கொஞ்சக் காலத்துக்குக் கொடுப்பனவு தரும். இனாம் அல்ல. வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் அதற்கென்று வெட்டியிருப்பார்கள்.

“உங்கட காசைத்தானே கேக்கிறியள், இதில என்ன வெக்கம்?” என்றாள் சுகந்தி. என் மனைவி. மருந்துக்கடை ஒன்றில் அரைநாள் வேலை செய்கிறாள்.

வெட்கம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விண்ணப்பித்தேன். பெயர், பிறந்த திகதி, வேலை எல்லாம் கேட்டுவிட்டுக் கணினி சொன்னது: நீங்கள் நீங்கள்தான் என்பதை உறுதிப்படுத்தவும்.

முதலில் அடையாள அட்டையின் படம். அது சுலபமாக முடிந்தது. அடுத்தது முகம். வட்டத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும், இடப்பக்கம் திரும்ப வேண்டும், வலப்பக்கம் திரும்ப வேண்டும், சிரிக்கக் கூடாது. என் கலியாணத்துக்குப் படம் எடுத்தவர்கூட என்னை இவ்வளவு பாடுபடுத்தவில்லை. ‘வெளிச்சம் போதாது’ என்றது. யன்னலடிக்குப் போனேன். ‘வெளிச்சம் கூடிவிட்டது’ என்றது. குளியலறை, மாடிப்படி, அலுமாரிக் கண்ணாடி எல்லா இடமும் முகத்தைக் கொண்டு திரிந்தேன். கடைசியில் குசினியில் பிரிட்ஜைத் திறந்து அதன் வெளிச்சத்தில் நின்றேன். உடனே ஏற்றுக்கொண்டது. கனடா அரசாங்கத்திடம் இப்போது இருக்கிற என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் போத்தலும் நேற்றைய மீன்குழம்புச் சட்டியும் இருக்கும்.

மூன்றாவது படியில் மாட்டுப்பட்டேன். ‘பதிவிலுள்ள கைத்தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்பியுள்ளோம், அதை இங்கே இடவும்.’ என் போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ‘மீண்டும் அனுப்பு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். வரவில்லை. அன்றிலிருந்து அது ஒரு நேர்த்திக்கடன் போலாகிவிட்டது. காலையில் எழும்பினால் ஒருமுறை, சோறு தின்றால் ஒருமுறை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் ஒருமுறை என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். இடைக்கிடை முகத்தையும் திரும்பக் காட்டச் சொல்லும். இடம், வலம், சிரிக்காதே.

மகள் ஆதிரைக்கு ஐந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபத்தில் இருந்தால் அதுவும் வராது. அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பாவின் வேலை’ என்று படம் கீறச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வட்டம், அதற்குள் ஒரு தலை, இரண்டு பக்கமும் அம்புக்குறி.

“இது என்ன பிள்ளை?”

“யுவர் ஜொப். யூ டேர்ன் யுவர் ஹெட்.”

ஆசிரியை அதற்கு ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருந்தார்.

உதவித் தொலைபேசிக்கு எடுத்தேன். வெகுநேரம் புல்லாங்குழல் கேட்டபிறகு ஒரு பெண் வந்தார். பாதுகாப்புக் கேள்வி ஒன்று கேட்பதாகச் சொன்னார். உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?

எங்கள் வீட்டில் நாய் இருந்தது. செல்லப்பிராணி இருக்கவில்லை. அது பகலில் ஜெட்டியில் மீன்தலை தின்றுவிட்டு இரவில் எங்கள் படலையடியில் வந்து படுக்கும். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, “அடீக்” என்றால் போகும். இதை என் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். விடை பிழை என்றார் அந்தப் பெண். வெள்ளிக்கிழமைக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும், கிளைக்கு நேரில் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, இந்த நாள் இனிதாகட்டும் என்றும் சொன்னார்.

3

நான் யார் என்று நிரூபிப்பது எனக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் திருகோணமலையில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அது ஒரு விளையாட்டுப் போல. ரியூஷனுக்குப் போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை, பாண் வாங்க ஒருமுறை என்று அடையாளம் காட்டி வளர்ந்தவர்கள் நாங்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஜெட்டிக்குப் போன அப்பாவைப் பாதையிலிருந்த சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். அவருடைய அடையாள அட்டை லோஞ்சில் நனைந்து நனைந்து, படத்தில் முகத்தில் பாதி இல்லை. இருந்த பாதி யாருடையதாகவும் இருக்கலாம். கடமையில் நின்ற கடற்படைப் பொடியன் அட்டையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், தலையை ஆட்டினான். எங்கள் குடும்பத்தின் கல்வி முழுவதும் அப்போது என்னிடம் இருந்தபடியால், நான் முன்னுக்குப் போய் அட்டையிலிருந்த இலக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்தான். விடவில்லை.

அந்த நேரம் கிண்ணியாவிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற அபூபக்கர் காக்கா சைக்கிளில் வந்தார். இறங்கவுமில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் “மே அபே மினிஹா” என்றார். இது நம்மட ஆள் என்று அர்த்தம். பொடியன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். முகம் இல்லாத அட்டையும் அதே, அப்பாவும் அதே. இடையில் ஒரு கருவாட்டுக்காரர் வாய் திறந்தார், அவ்வளவுதான்.

காக்கா அதைச் சும்மா செய்யவில்லை. அதற்குப் பிறகு கனகாலம் அவருடைய மூட்டைகளை அப்பாதான் லோஞ்சில் ஏற்றி இறக்கினார். “உன்ன ஆரெண்டு சொன்ன ஆள் நான். தூக்கு தூக்கு” என்பார். அப்பாவின் மேலெல்லாம் கருவாட்டு மணம். வீட்டு நாய்க்கு அப்பாமேல் பாசம் கூடிவிட்டது.

4

கிளையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயர் தமிழ்ப் பெயர். அப்பாடா, நம்மட ஆள் என்று நினைத்தேன். வணக்கம் சொன்னேன்.

“அண்ணா, டமிள் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும்” என்றாள். இங்கேயே பிறந்த பிள்ளை. கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, சாரதி அட்டை எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

“ஓகே. இது நீங்கதான்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

“பட், சிஸ்டம் நம்பாது அண்ணா. போனுக்கு வர்ற கோட் போடணும்.”

“கோட் வருகுதில்லைத் தங்கச்சி. என்ர நம்பரை மாத்தி விடுங்கோவன்.”

“நம்பர் மாத்துறதுக்கு பழைய நம்பருக்கு ஒரு கோட் வரும். அதைப் போட்டா மாத்தலாம்.”

“பழைய நம்பர் எது?”

“அது சொல்ல ஏலாது.” சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “லாஸ்ட் போர் டிஜிட் மட்டும். போர், போர், போர், போர்.”

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். நாலு நாலுகளில் முடிகிற அந்த எண்ணைத் திருகோணமலையிலிருந்து கனடாவுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எண்ணுக்குரியவர் அதைத் தன் வான் வண்டியில் ஒட்டியிருப்பார், கோயில் மலரில் விளம்பரம் போட்டிருப்பார்.

“யார்ட நம்பர் அண்ணா?”

“என்ர மச்சான்ர.”

“அப்ப ஈஸிதானே! கோல் பண்ணுங்க” என்று சிரித்தாள். பாவம், இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

5

குணா மச்சான் என் அப்பாவின் அக்காவின் மகன். எனக்கு நெடுநாள் முன்பே வந்தவர், பெரிய ட்ரக் ஓடுகிறவர். நிலாவெளி, திரியாய், டவுன் என்று எங்கள் பக்கத்திலிருந்து யார் வந்து இறங்கினாலும் விமான நிலையத்தில் மச்சான் நிற்பார். குளிர்ச்சட்டையும் அவரே கொண்டுவருவார். வந்தவர் நேரமாற்றத்தில் பகல் முழுவதும் நித்திரை கொள்ள, மச்சான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவருக்கு வங்கிக் கணக்கு, அரசாங்கக் கணக்கு எல்லாம் திறந்து முடித்துவிடுவார். வந்தவரிடம் போன் இருக்காது. ஆகவே எண்ணைக் கேட்கிற இடத்திலெல்லாம் தன் எண்ணைப் போடுவார். பிறகு வந்தவர் போன் வாங்குவார், வேலை தேடுவார், அந்த எண்ணை மறந்துபோவார். நானும் மறந்துபோனேன்.

அது மட்டும் என்றால் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் நானும் மச்சானும் கதைத்து இரண்டு வருஷம். அவருடைய மகனின் பிறந்தநாளில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, என்னைக் காட்டி, மண்டபம் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “இவருக்கு இஞ்ச பேர் எடுத்துக் குடுத்ததே நான்தான். நான் இல்லாட்டி இவர் ஆரெண்டு நாய்க்கும் தெரியாது!” எல்லாரும் சிரித்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு எழும்பி வந்துவிட்டேன். அதன்பிறகு தமிழ்க்கடையில் மீன் பக்கம் அவரைக் கண்டால் நான் மரக்கறிப் பக்கம் திரும்பிவிடுவேன். அங்கே சும்மா நிற்க முடியாது என்பதால் கைக்கு எட்டுவதை வாங்குவேன். கைக்கு எட்டுவது எப்போதும் பீற்றூட்தான். எங்கள் வீட்டில் பீற்றூட் கறி என்றால் நான் மச்சானைக் கண்டிருக்கிறேன் என்று சுகந்திக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மச்சானின் காதில் காலையில் விழுந்த செய்தி, திருகோணமலை மீன் சந்தையில் மத்தியானம் விற்பனைக்கு வந்துவிடும். என் வேலை போனது அவருக்குத் தெரிந்தால் அடுத்த நாளே ஜெட்டியில் அப்பாவிடம் யாராவது கேட்பார்கள், மகன்ர ஒபிஸ் பூட்டிட்டாங்களாமே என்று. அப்பா என்ன பதில் சொல்வார்? வேலை கிடைத்தபிறகு, பழைய கதையாகச் சொல்லலாம் என்றுதான் ஒளித்து வைத்திருந்தேன்.

வியாழன் பின்னேரம் சுகந்தி போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

“நாளைக்கு வெள்ளி. ஒண்டு அவருக்கு எடுங்கோ, இல்லாட்டி நீங்கள் நீங்களில்லை எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்து படுங்கோ.”

‘மீண்டும் அனுப்பு’ என்பதை அழுத்திவிட்டு மச்சானுக்கு எடுத்தேன். இலக்கம் ஐந்து நிமிடம்தான் செல்லுபடியாகும்.

“ஹலோ.”

“மச்சான், நான்தான்.”

“ஆர் நான்?”

“சிவா.”

“எந்தச் சிவா? எனக்குக் கன சிவா தெரியும்.”

“உங்கட மாமான்ர மகன்.”

“அவர் என்னோட கதைக்கிறேல்லையே. நீர் ஆரோ கள்ளன் போல கிடக்கு. இப்ப இப்பிடித்தான் எடுத்து நம்பர் கேக்கிறாங்களாம்.”

“மச்சான், கெதியா ஒரு அலுவல், அந்த—”

“பொறும். நீர்தான் சிவா எண்டதுக்கு என்ன அத்தாட்சி? ஒரு கேள்வி கேப்பம். என்ர மகன்ர பேர்த்டேயில கடைசியாச் சாப்பிட்டது என்ன?”

சுகந்தி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

“ஆட்டிறைச்சி” என்றேன்.

“சரி. எத்தினை துண்டு மிச்சம் விட்டனீர்?”

“தெரியாது மச்சான்.”

“எனக்குத் தெரியும். நாலு நல்ல நெஞ்செலும்புத் துண்டு. நான் பாத்துப் பாத்துப் போட்டது. பேந்து அதை நான்தான் திண்டனான். கோவத்தில திண்டு செமிக்கேல்ல.”

கணினியில் இலக்கம் காலாவதியாகிவிட்டது. நான் திரும்ப அழுத்தினேன். மறுபக்கத்தில் ‘டிங்’ என்று கேட்டது.

“பார், திரும்பவும் வருகுது!” என்றார் மச்சான். பேச்சில் ‘நீர்’ போய், பழைய ‘நீ’ வந்துவிட்டது. “ஒரு நாளைக்கு எத்தினை தரம்தான்டா அமத்துவாய்? பெருந்தெருவில லொறியோட போறன், டிங். லைட்டில நிக்கிறன், டிங். என்ர மனிசி ஆரோ பொம்பிளை மெசேஜ் போடுறாள் எண்டு ரெண்டு நாள் சோறு தரேல்ல.”



“அப்ப உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“அதிலேயே உன்ர பேரோட எழுதிக் கிடக்கே, வேலையில்லாக் கொடுப்பனவுக்கான இலக்கம் எண்டு. நீ முதல் அமத்தின அண்டைக்கே தெரியும்.”

“ஊரில ஆருக்கும்...?”

“ஆருக்கும் என்ன?”

“சொல்லேல்லையோ?”

“ஒருத்தனுக்கு வேலை போனதை மைக்கில சொல்லுற விசரனோடா நான்?”

அப்படியான விசரன்தான் அவர். அதுதான் எனக்கு அவரைப் பற்றிய நிச்சயமான ஒரே தகவல். கனடாவில் நான் எதைச் சந்தேகித்தாலும் அதைச் சந்தேகித்ததில்லை. ஆனால் இரண்டு கிழமையாக, நாளுக்கு மூன்று முறை என் வேலை போன செய்தி அவர் கைக்குப் போயிருக்கிறது, மீன் சந்தைக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

“எனக்கொரு கோல் எடுத்திருக்கலாமே மச்சான்.”

“எப்பிடியடா எடுக்கிறது? என்னைக் கண்டா நீ பீற்றூட் வாங்க ஓடுறாய்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எழுது, எழுது, இதுவும் போயிடும்” என்று இலக்கத்தை வாசித்தார். போட்டேன். கணினி அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டது: முதல் செல்லப்பிராணியின் பெயர்?

“நெத்தலி” என்றார் மச்சான்.

“என்ன?”

“நெத்தலி எண்டு போடு. நான் திறந்து குடுத்த எல்லாருக்கும் அதுதான். வேற வேற போட்டா ஆருக்கு ஞாபகம் இருக்கும்?”

போட்டேன். வட்டம் ஒன்று சுற்றியது. நன்றி, நீங்கள் நீங்கள்தான் என்பது உறுதிப்படுத்தப்பட்டது என்று வந்தது.

“வந்திட்டுதோ?”

“வந்திட்டுது மச்சான்.”

“மாமாவுக்கு நான் சொல்லமாட்டன். அது நீ சொல்லுற கதை.” பிறகு, வைக்கப் போன கடைசி நேரத்தில்: “சனிக்கிழமை வீட்ட வா. ஆடு வாங்கியிருக்கிறன். முழுக்கத் திண்டிட்டுப் போகோணும்.”

6

அப்பாவுக்கு எடுத்தேன். ஜெட்டியில் நின்றார். பின்னால் லோஞ்சின் இரைச்சலும் காகங்களும் கேட்டன.

“அப்பா, என்ர வேலை போட்டுது. அவங்கள் பூட்டிட்டாங்கள்.”

“பேந்து? சாப்பாட்டுக்கு?”

“கொஞ்சக் காலத்துக்கு அரசாங்கம் தரும்.”

“எந்த அரசாங்கம்?”

“கனடா அரசாங்கம்தான்.”

“மாசா மாசமோ?”

“ரெண்டு கிழமைக்கு ஒருக்கா.”



“வேலைக்குப் போகத் தேவையில்லையோ?”

“இல்லை.”

“போகாட்டியும் காசு வரும்?”

“ஓம் அப்பா, ஆனா—”

“அப்ப அது கவுண்மேந்து உத்தியோகமடா!” என்று கத்தினார். “உனக்கு எப்பவும் எல்லாத்தையும் குறைச்சுச் சொல்லுற பழக்கம். டேய் நாகராசா, இஞ்ச வா!”

விளங்கப்படுத்த வாயெடுத்தேன். அதற்குள் நாகராசாவுக்கு விஷயம் போய்விட்டது. மச்சான் காத்த இரகசியத்தை அப்பா ஒரு நிமிடத்தில் ஜெட்டி முழுக்கப் பரப்பிவிட்டார். எந்தக் கதைக்காக இரண்டு கிழமை நித்திரையில்லாமல் இருந்தேனோ, அந்தக் கதையால் அவர் ஒரு முழம் உயர்ந்து நிற்கிறார். அதனால்தான் தொடக்கத்தில் அந்த உதவியைக் கேட்டேன்.

இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை நான் உள்ளே போய், இன்னும் வேலை கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் இலக்கம் மச்சானுக்குப் போகிறது. அவர் அதை எனக்கு அனுப்புகிறார். சும்மா அனுப்பமாட்டார். ‘நெத்தலி சுகமோ?’ என்று சேர்த்து எழுதுவார். வேலை தேடுகிற இடங்களின் பெயரும் வரும். சனிக்கிழமைகளில் அவருடைய ட்ரக்கைக் கழுவி விடுகிறேன். “உன்ர பேரை வைச்சிருக்கிற ஆள் நான், வடிவா உரஞ்சு” என்கிறார்.

போன முறை உள்ளே போனபோது ஓர் அறிவித்தல் வந்தது. பதிவிலுள்ள கைத்தொலைபேசி உங்களுடையதுதானா? வேறெவரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. மாற்றுவதானால் இப்போதே மாற்றலாம். நான் படித்தவன் அல்லவா, கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் வாசித்தேன்.

“நம்பரை மாத்திப் போட்டியளே?” என்று குசினியிலிருந்து சுகந்தி கேட்டாள்.

“ஓம், ஓம்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, ‘என்னுடையதுதான்’ என்ற பொத்தானை அழுத்தினேன்.